புத்தகத்தின் விடையும் கணினியின் விடையும்

மும்பை பவாயில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘ஃபாஸி’ திட்டம், கல்லூரிகளில் கட்டண மென்பொருள்களுக்கு மாற்றாகக் கட்டற்ற மென்பொருள்களைப் பரப்ப உருவானது. பாடநூல்களில் தீர்த்துக் காட்டப்பட்ட கணக்குகளை மாணவர்களைக் கொண்டு நிரல்களாக எழுதுவித்தது அதன் பணிகளுள் ஒன்று. பைத்தான் மொழியில் எழுதப்பட்டவை ஐபைத்தான் குறிப்பேடுகளாக அமைந்தன. விளக்கம், நிரல், விடை மூன்றும் ஒரே பக்கத்தில் அமையும் வடிவம் அது.

இந்த எண்ணம் புதிதன்று. விளக்கத்தையும் நிரலையும் ஒன்றாகப் பின்னும் முறையை டொனால்டு நூத் 1984இல் முன்வைத்தார். 2001இல் பைத்தானில் இடம்பெற்ற ‘டாக்டெஸ்ட்’, விளக்கவுரையிலுள்ள எடுத்துக்காட்டை இயக்கி, அங்கே எழுதியுள்ள விடையோடு ஒப்பிட்டது. 2011இல் வந்த ஐபைத்தான் குறிப்பேடு 2014இல் ஜூபிட்டர் திட்டமாக விரிந்தது.

குறிப்பேட்டில் ஓர் இடர் உண்டு. விடை அதனுள்ளேயே சேமிக்கப்படுவதால், நிரல் பழுதான பின்னும் பழைய விடை அப்படியே தோன்றும். ஆகவே வெளியிடுமுன் குறிப்பேடு முழுவதையும் தானாகப் புதிதாய் இயக்கிப் பார்க்கும் வழக்கம் வந்தது. எதிர்பாராத பிழை எழுந்தால் பணி அங்கேயே நிற்கும். மாணவருக்குப் பிழையைக் காட்டவென்றே எழுதிய கட்டத்திற்கு மட்டும் தனிக்குறி இட்டு விலக்களிக்கலாம். எல்லாப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுமாறு அமைத்தாலோ, பணி வெற்றி என்றே முடியும். பிழைச்செய்தி பாடத்தின் நடுவே வெளியாகும்.

பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிந்தபோது இம்முறையின் எல்லை தெரிந்தது. அடைப்புக்குறி இல்லாத ‘பிரிண்ட்’ கட்டளை பைத்தான் 3இல் உடனே பிழையாகி நின்றது. அதைத் திருத்துவது எளிது. வகுத்தலோ நிற்கவில்லை. 5/2 என்பதற்குப் பழைய பதிப்பு 2 என்றது, புதியது 2.5 என்கிறது. பழைய நிரலைப் புதியதாக மாற்றித் தரும் ‘2டு3’ கருவியும் வகுத்தல் குறியைத் தொடுவதில்லை. பிழைச்செய்தி ஏதுமின்றி விடை மாறிவிடுகிறது. படிக்கும் மாணவர் அதை நம்பிவிடுகிறார்.

பாடநூலை ஒட்டிய குறிப்பேடுகளுக்கு இங்கே ஒரு வாய்ப்பு உண்டு. சரியான விடை நூலிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த விடையோடு ஒப்பிடும் ஒரு வரியைக் கட்டத்தின் முடிவில் எழுதிவைத்தால், சத்தமின்றி மாறும் விடையும் பணியை நிறுத்தும் பிழையாகிவிடும்.