போர் தண்ணீருக்கு ஜிப்சம்: எத்தனை மூட்டை என்று நீங்களே கணக்கிடலாம்

அவிநாசிப் பக்கம் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி வாழை, மஞ்சள், தென்னை வைத்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சப்பைத் தண்ணீருக்கு ஏக்கருக்கு எத்தனை மூட்டை ஜிப்சம் போடலாம்?" தண்ணீர் ஆய்வு அறிக்கை இல்லாமல் இதற்குப் பதில் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்ட அளவு உங்கள் கிணற்றுக்குப் பொருந்தாது.

அறிக்கையில் கார்பனேட், பைகார்பனேட் இரண்டையும் கூட்டுங்கள். அதிலிருந்து கால்சியம், மெக்னீசியத்தின் கூட்டுத் தொகையைக் கழியுங்கள். மீதி வருவதுதான் எச்ச சோடியம் கார்பனேட். லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலன்ட் வரை பயமில்லை. 2.5-ஐத் தாண்டினால் மண்ணில் சோடியம் ஏறும். மேல்மண் இறுகி, பாய்ச்சிய தண்ணீர் உள்ளே இறங்காமல் நிற்கும்.

ஜிப்சம் இங்கே என்ன செய்கிறது? இரண்டு பங்கு சோடியம் பைகார்பனேட்டுடன் ஒரு பங்கு ஜிப்சம் சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும். சோடியம் சல்பேட், கரியமில வாயு, தண்ணீர் ஆகியவையும் உண்டாகும். ஜிப்சத்தின் மூலக்கூறு எடை, அதிலுள்ள நீரையும் சேர்த்து, 172. சோடியம் பைகார்பனேட்டுக்கு 84. இரண்டு பங்குக்கு 168. ஆகவே 84 மில்லிகிராமுக்கு 86 மில்லிகிராம் ஜிப்சம் போதும். அறிக்கையில் 1 மில்லி ஈக்விவலன்ட் என்பது இந்த 84 மில்லிகிராம்தான். சமன்பாட்டைச் சமன் செய்யாமல் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால் 172 வரும். மூட்டைச் செலவு இரட்டிப்பாகிவிடும்.

ஓர் உதாரணம். கார்பனேட் 1, பைகார்பனேட் 9, கால்சியம் 2, மெக்னீசியம் 2.5 என்று வைத்துக்கொள்வோம். 10-இல் 4.5 போக 5.5. இதை 2.5-க்கு இறக்க 3 அளவு குறைக்க வேண்டும்: 3 × 86 = லிட்டருக்கு 258 மில்லிகிராம். ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்சினால் ஏறக்குறைய 2 லட்சத்து 2 ஆயிரம் லிட்டர். பெருக்கினால் 52 கிலோ சுத்தமான ஜிப்சம். கடையில் வாங்குவது 70 சதவீதத் தரம் என்றால் 52-ஐ 0.70-ஆல் வகுங்கள், சுமார் 75 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் ஒன்றரை. பத்துத் தண்ணீருக்கு 15 மூட்டை. தரத்தைக் கேட்காமல் மூட்டை விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள்.

வாய்க்கால் பாசனமென்றால் தொட்டியில் ஜிப்சக் கட்டிகளை நிரப்பி, தண்ணீரை அதன் வழியே விடலாம். சொட்டுநீர்க் குழாயில் கலக்கவே வேண்டாம், அடைத்துக்கொள்ளும். மண்ணில் தூவி மேலாகக் கிளறிவிடுங்கள். மின்கடத்துத்திறன் மட்டும் அதிகமாக இருந்து எச்ச சோடியம் கார்பனேட் இல்லையென்றால் ஜிப்சம் வீண் செலவு. அது உப்பைக் குறைக்காது.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு தண்ணீர் வந்த குளங்களுக்கு அருகில் கிணறு வைத்திருப்பவர்கள் பழைய அறிக்கையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவி, புதிதாக மாதிரி பிடித்துக் கொடுங்கள்.