விலையில்லாததும் கட்டற்றதும்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதலில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது. திடீரென்று வந்ததல்ல, உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோதே எல்காட் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியிருந்தது.

மணப்பாறையில் பிளஸ் டூ படித்த என் சித்தப்பா மகளுக்கும் ஒன்று கிடைத்தது. "அண்ணே, ஆன் பண்ணா ரெண்டு பேர் வருதே, அந்த இன்னொண்ணு எதுக்கு?" என்றாள். பள்ளியில் யாரும் திறந்து காட்டவில்லை. கடைக்காரரோ அதை அழித்து இடம் மீட்டுத் தருவதாகச் சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்டார்ட்டரில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. காசில்லாமல் கையில் வந்ததுதான், ஆனால் கட்டோடு. கட்டற்றது பக்கத்திலேயே சும்மா கிடந்தது. படத்தை மட்டுமல்ல, நிரலையே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், நகலெடுத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். ஜெராக்ஸ் கடை பென்டிரைவில் ஒட்டிவரும் வைரஸெல்லாம் விண்டோஸுக்கு எழுதப்பட்டவை. லினக்ஸில் அவை வெறும் கோப்புகள். இதையெல்லாம் அன்றைக்கு யாராவது ஒரு பீரியட் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

2020 ஜனவரி 14-இல் விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இரண்டே மாதத்தில் ஊரடங்கு. தம்பிக்கு ஆன்லைன் வகுப்பு, புதுசு வாங்க வழியில்லை. பரணிலிருந்த அதே மடிக்கணினியில் லுபுண்டு ஏற்றினோம். ஓடியது. பேட்டரிதான் செத்துப்போயிருந்தது, சார்ஜரைச் சொருகியே வைக்கணும்.