மீனம்பாக்கம் 1984: உரியவரற்ற பெட்டியும் விமானப் பாதுகாப்புச் சட்டமும்

முன்னுரை

இந்திய விமானப் பாதுகாப்பின் வரலாறு பெரும்பாலும் கடத்தல்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1976 செப்டம்பர் 10 அன்று இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டதை அடுத்துப் பாண்டே குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைப்படி 1978 சனவரியில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தில் தனிப் பாதுகாப்புப் பிரிவு தோன்றியது. 1999ஆம் ஆண்டின் காந்தகார் கடத்தலுக்குப் பின் விமான நிலையக் காவல் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையிடம் சென்றது. இவ்வரிசையில் 1984 ஆகஸ்டு 2 அன்று சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு உரிய இடம் பெறவில்லை. அந்நிகழ்வு வெளிப்படுத்திய சட்ட வெற்றிடங்கள் இரண்டனை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிகழ்வு

ஏர் லங்கா விமானத்தில் கொழும்பு செல்வதற்கெனப் பதிவு செய்த பயணி ஒருவர் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறாமல் மறைந்தார். பெட்டிகள் நிலையக் கட்டடத்திலேயே தங்கின. தொலைபேசி வழியே எச்சரிக்கை வந்தும் அவை அகற்றப்படவில்லை. இரவில் அவை வெடித்ததில் 33 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இலங்கைப் பயணிகள் பலர்.

முதல் வெற்றிடம்: ஆளில்லாப் பெட்டி

பயணி ஏறாத விமானத்தில் அவர் பெட்டி மட்டும் செல்லலாகாது என்பது இன்று அடிப்படை விதி. அது பன்னாட்டுக் கட்டாயமாக உருப்பெற்றது மீனம்பாக்கத்திற்குப் பின்னரன்று. கனிஷ்கா அழிவிற்குப் பின்னரே. 1985 சூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடல்மீது வெடித்துச் சிதறி, அதிலிருந்த 329 பேரும் மாண்டனர். வான்கூவரில் ஒப்படைக்கப்பட்ட பெட்டிக்கு உரியவர் அங்கும் விமானம் ஏறவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் 17ஆம் இணைப்பைத் திருத்திப் பயணியையும் பெட்டியையும் ஒப்பிடும் நடைமுறையைச் சேர்த்தது. கனிஷ்காவின் விளைவாகவே இந்தியப் பாதுகாப்புப் பிரிவும் 1987 ஏப்ரல் 1 முதல் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் என்னும் தனித்துறையாயிற்று. ஒரே உத்தி பத்து மாதங்களுக்கு முன்பே சென்னையில் கையாளப்பட்டிருந்தும் அது பன்னாட்டு எச்சரிக்கையாகக் கொள்ளப்படவில்லை.

இரண்டாம் வெற்றிடம்: நிலையக் கட்டடம்

1971ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையைத் தழுவி, சிவில் விமானப் பாதுகாப்பிற்கு எதிரான செயல்களை ஒடுக்கும் சட்டத்தை இந்தியா 1982இல் இயற்றியது. அச்சட்டத்தின் காப்பு விமானத்தையும் வான்வழிச் செலுத்த வசதிகளையும் சார்ந்தது. பயணியர் கூடும் கட்டடத்தில் நிகழும் வன்செயல் அதில் தனிக் குற்றமாக வரையறுக்கப்படவில்லை. ஆகவே மீனம்பாக்கத்தில் மாண்டோர் தொடர்பில் தண்டனைச் சட்டம், வெடிபொருள் சட்டம் போன்ற பொதுச் சட்டங்களே துணையாயின. 1985 டிசம்பரில் ரோம், வியன்னா விமான நிலையங்கள் தாக்கப்பட்ட பின்னரே, 1988 பிப்ரவரி 24 அன்று மாண்ட்ரியலில் விமான நிலையங்களுக்கான நெறிமுறை ஒப்பமாயிற்று. அதற்கிணங்க இந்தியச் சட்டத்தில் ‘விமான நிலையக் குற்றம்’ என்னும் 3அ பிரிவு 1994இல் சேர்க்கப்பட்டது. மீனம்பாக்க நிகழ்விற்கும் இத்திருத்தத்திற்கும் இடையே பத்தாண்டுகள் கழிந்தன.

இவ்விரு வெற்றிடங்களையும் இணைத்தே நோக்க வேண்டும். பெட்டியை ஏற்றாமல் விடுவது விமானத்தைக் காக்கும். நிலையத்தில் நிற்போரைக் காவாது. ஏற்றப்படாத பெட்டியை யார் பொறுப்பேற்பது, எங்கே அகற்றுவது, மக்களை எப்போது வெளியேற்றுவது என்பன தனி வினாக்கள். இன்று எச்சரிக்கைகளை ஆராயும் குண்டு மிரட்டல் மதிப்பீட்டுக் குழுவும் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவும் இவ்வினாக்களுக்கான நிறுவன விடைகளாகும்.

முடிவுரை

விமானப் பாதுகாப்பு விதிகள் பேரிடர்களிலிருந்தே பிறக்கின்றன என்பது பொதுக்கருத்து. எல்லாப் பேரிடர்களும் விதியாவதில்லை என்பதை மீனம்பாக்கம் காட்டுகிறது. அங்கு வெளிப்பட்ட குறைகள் அட்லாண்டிக்கிலும் ரோமிலும் வியன்னாவிலும் உயிர்கள் பலியான பின்னரே சட்டத்தின் கவனத்தைப் பெற்றன. எனவே இந்திய விமானப் பாதுகாப்புச் சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் 1985இலிருந்தன்றி 1984இலிருந்து தொடங்குவதே பொருந்தும்.