பெரிய ஆர்டர் வந்திருக்கிறதா? கையால் போர்டு செய்யும் சிறு கடை விலை சொல்வது எப்படி? - புனேவிலிருந்து ஒரு கணக்கு

நீங்கள் மூன்று பேரோடு கையெழுத்துப் போர்டு கடை நடத்துகிறீர்கள். பிரஷ், எனாமல், பித்தளைத் தகடு, எழுத்து வெட்டும் உளி, இவைதான் உங்கள் முதலீடு. ஒரு நாள் போன் வருகிறது. "240 வீட்டுக்குப் பெயர்ப்பலகை வேணும். மொத்தமா எடுக்கிறோம், 30 சதவீதம் குறைச்சுக்குங்க."

சந்தோஷமாக 'சரி' சொல்லிவிடத் தோன்றும். ஆனால் சிறு கடைகளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வராத ஆர்டர் அல்ல, தப்பான விலைக்கு வந்த பெரிய ஆர்டர்தான். ஏன் அப்படி? சரியான விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? புனேவை வைத்துப் பார்ப்போம். நீங்கள் கோவையிலோ மதுரையிலோ இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

புனேவுக்கும் போர்டுக்கும் என்ன தொடர்பு?

புனேவின் பழைய பேட்டைகளில் வீட்டு வாசலிலும் கடை முன்பும் தொங்கும் குத்தலான அறிவிப்புகள் மகாராஷ்டிரா முழுக்கப் பிரபலம். மதியம் ஒன்றிலிருந்து நான்கு மணி வரை மணி அடிக்காதீர்கள் என்கிற ரகம். 'புனேரி பாட்டி' என்று பெயர். தமிழ்க் காதுக்குப் பாட்டியம்மா போலக் கேட்டாலும், மராத்தியில் அந்தச் சொல்லுக்குப் பலகை என்று அர்த்தம். அதே பழைய ஊருக்குள், கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி இருக்கிறது. செம்பு, பித்தளையைச் சுத்தியலால் அடித்துப் பாத்திரம் செய்யும் கைவினைஞர்களின் தெரு அது.

இதோடு ஒரு சட்டமும் சேர்ந்துகொண்டது. மகாராஷ்டிராவின் 2017 கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 10 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் கடைகளைப் பெரும்பாலும் தொடவில்லை. 2022-ல் திருத்தம் வந்தது. எல்லாக் கடைகளும் தேவநாகரி எழுத்தில் மராத்திப் பெயர்ப்பலகை வைக்க வேண்டும், மற்ற மொழி எழுத்தைவிட மராத்தி எழுத்து சிறியதாக இருக்கக் கூடாது என்றானது. இதை எதிர்த்து மும்பை வணிகர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2023 செப்டம்பர் 25 அன்று நீதிமன்றம் இரண்டு மாத அவகாசம் கொடுத்து, போர்டை மாற்றச் சொன்னது. தமிழ்நாட்டில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்று இருக்கும் விகிதத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆக, போர்டுக்குத் தேவை இருக்கிறது. விலைதான் சிக்கல்.

சதுர அடி விலை ஏன் காலை வாருகிறது?

ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி: "சதுர அடி எவ்வளவு?" ஃப்ளெக்ஸ் அச்சிடும் மெஷினுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். 20 சதுர அடியில் ஒரே எழுத்து இருந்தாலும் ஒரு பக்கக் கட்டுரை இருந்தாலும் அதற்கு ஒரே நேரம், ஒரே ஷீட். கைக்கு அப்படி இல்லை.

ஒரு உதாரணம். சதுர அடிக்கு ரூ.200 என்று வைத்துக்கொள்வோம். 20 சதுர அடி போர்டுக்கு ரூ.4,000. முதல் போர்டில் ஐந்து பெரிய எழுத்து மட்டும், 5 மணி நேர வேலை. இரண்டாவது போர்டும் அதே அளவுதான், ஆனால் மூன்று வரி, நிழல் எழுத்து, பார்டர், போன் நம்பர், கீழே ஒரு படம். 16 மணி நேர வேலை. இரண்டுக்கும் நீங்கள் வாங்குவது அதே ரூ.4,000. முதல் போர்டின் லாபத்தை இரண்டாவது போர்டு தின்றுவிடும்.

பரப்பளவு வாடிக்கையாளரின் சுவரைத்தான் அளக்கிறது. உங்கள் உழைப்பை அளப்பது மணி நேரம்.

உங்கள் கடையின் ஒரு மணி நேரம் என்ன விலை?

இதை ஒரு முறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் போதும், வருடம் முழுக்க உதவும். கீழே உள்ள எண்கள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

மாதச் செலவு:
- கடை வாடகை: ரூ.18,000
- உங்கள் சம்பளம்: ரூ.40,000
- தேர்ந்த கைவினைஞர் ஒருவர்: ரூ.26,000
- உதவியாளர்: ரூ.16,000
- மின்சாரம், போன்: ரூ.4,000
- வண்டி, பெட்ரோல்: ரூ.5,000
- கருவித் தேய்மானம்: ரூ.3,000

மொத்தம் ரூ.1,12,000. இரண்டாவது வரியைக் கவனித்தீர்களா? பல கடைகள் அதை எழுதுவதே இல்லை. 'மிஞ்சினது என் சம்பளம்' என்று விட்டுவிடுவார்கள். எழுதாத சம்பளம் விலைக்குள் வராது. விலைக்குள் வராதது கைக்கும் வராது.

அடுத்து நேரம். மூன்று பேர், 25 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் 600 மணி நேரம். ஆனால் அத்தனையும் பில் போடக்கூடிய நேரமா? அளவெடுக்கப் போவது, டிசைன் காட்டித் திருத்துவது, பெயிண்ட் காயக் காத்திருப்பது, பாக்கி வசூலிக்க அலைவது எல்லாம் இதற்குள்தான். 60 சதவீதம் தேறினால் 360 மணி நேரம்.

1,12,000-ஐ 360-ஆல் வகுத்தால், மணிக்குச் சுமார் ரூ.311. இது லாபம் இல்லாத அடக்க விலை. 600-ஆல் வகுத்திருந்தால் ரூ.187 என்று வந்திருக்கும். அப்படி நினைத்து விலை சொல்கிறவர், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ரூ.124-ஐத் தன் பையிலிருந்து கொடுக்கிறார்.

சரி, அந்த 240 பெயர்ப்பலகைக்கு என்ன சொல்வது?

முதலில் தனி ஆர்டர் விலை. கையால் எழுத்து வெட்டிய ஒரு பித்தளைப் பலகைக்கு 3 மணி நேரம், அதாவது ரூ.933. பொருள் ரூ.450. அடக்கம் ரூ.1,383. 20 சதவீத லாபம் சேர்த்தால் ரூ.1,660.

மொத்தமாகச் செய்யும்போது செலவு கொஞ்சம் குறையும், உண்மைதான். தகட்டை மொத்தமாக வாங்கினால் பொருள் ரூ.380 ஆகலாம். ஒரே அளவு என்பதால் வேலை 2.4 மணி நேரத்தில் முடியலாம். அப்போது அடக்கம் சுமார் ரூ.1,126.

வாடிக்கையாளர் கேட்கும் 30 சதவீதத் தள்ளுபடியைக் கொடுத்தால் விலை ரூ.1,162. ஒரு பலகைக்கு லாபம் ரூ.36. 240-க்கும் சேர்த்து ரூ.8,640. இந்த வேலைக்கு 576 மணி நேரம் ஆகும். மாதம் 360 மணி நேரம்தான் உங்களிடம் இருக்கிறது. அதாவது 1.6 மாதம் வேறு எந்த ஆர்டரும் எடுக்க முடியாது.

இதில் 3 சதவீதம் கெட்டுப்போனால்? உளி வழுக்கும், பெயரில் ஒரு எழுத்து மாறும். ஏழு பலகையைத் திரும்பச் செய்ய ரூ.7,882. கையில் நிற்பது ரூ.758. ஒன்றரை மாதத்துக்கு மேல் ஒரு கடை முழுக்க உழைத்ததற்கு அவ்வளவுதான் லாபம்.

இப்படிச் செய்து பாருங்கள். அடக்கம் ரூ.1,126 உடன், கெடுவதற்கும் தாமதத்துக்கும் 10 சதவீதம் சேர்த்தால் ரூ.1,239. அதன் மேல் 20 சதவீத லாபம் வைத்தால் ரூ.1,486. தனி விலையான ரூ.1,660-ஐவிட இது 10 சதவீதம் குறைவு. உங்களால் நிஜமாகக் கொடுக்க முடிந்த தள்ளுபடி அதுதான். மெஷின் வேலையில் எண்ணிக்கை ஏற ஏற விலை சரியும். கை வேலையில் 240-வது பலகைக்கும் முதல் பலகைக்குக் கொடுத்த கவனத்தைக் கொடுத்தாக வேண்டும்.

'ஒரு எழுத்துக்கு இவ்வளவு' என்று சொல்லலாமா?

தனித்தனியாக வெட்டும் எழுத்துகளுக்கு, உயரத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் இவ்வளவு என்று எழுத்துக் கணக்கில் விலை சொல்வது வழக்கம். ஆங்கிலத்துக்கு இது ஓரளவு சரியாக வரும். புனேவில் தேவநாகரி எழுதும்போது சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும். 'லக்ஷ்மி' என்பதில் எத்தனை எழுத்து? வாடிக்கையாளர் இரண்டு என்பார். 'க்ஷ்மி' என்ற கூட்டெழுத்தை வெட்டுகிறவருக்கு அது மூன்று எழுத்து வேலை. அதோடு, மேலே ஓடும் தலைக்கோடு ஒரு சொல்லின் எழுத்துகளை ஒரே துண்டாகக் கட்டிவிடும். கோட்டுக்கு மேலும் எழுத்துக்குக் கீழும் உயிர்க்குறிகள் வருவதால், ஒரு அடி எழுத்துக்கு ஒரு அடி உயரப் பலகை போதாது.

அதனால் மராத்திக்கு எழுத்துக் கணக்கு வேண்டாம், சொல் கணக்கில் விலை சொல்லுங்கள். எழுத்தின் உயரம் எங்கிருந்து எங்கே வரை என்று படத்தில் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள்.

உயரத்தில் மாட்டும் போர்டுக்குத் தனி விலையா?

கட்டாயம். ஏனென்றால் இங்கே தப்பு நடந்தால் போவது பணம் மட்டுமல்ல. 2018 அக்டோபர் 5 அன்று புனே ஜூனா பஜார் அருகே ஹோர்டிங் சட்டத்தை அகற்றும்போது அது சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். 2023 ஏப்ரல் 17 அன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட்டின் கிவளேயில், காற்று மழையின்போது ஹோர்டிங் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் 17 பேர்.

உங்கள் போர்டு அவ்வளவு பெரிதில்லை என்று நினைக்கிறீர்களா? கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பாகம், புனேவின் அடிப்படைக் காற்று வேகத்தை நொடிக்கு 39 மீட்டர் என்கிறது. அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 93 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். 20-க்கு 10 அடி போர்டில் அது சுமார் 1.7 டன். சென்னைக்கு அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்பதால் அங்கே இன்னும் அதிகம்.

நான்கு போல்ட்டை உத்தேசமாக முடுக்கிவிட்டு வரும் விஷயமில்லை இது. எனவே கட்டமைப்புப் பொறியாளர் கட்டணம், இரும்புச் சட்டம், சாரம் அல்லது கிரேன் வாடகை, பணியாளர் காப்பீடு ஆகியவற்றைக் கொட்டேஷனில் தனித்தனி வரியாக எழுதுங்கள். கடையின் சொந்தப் பெயர்ப்பலகைக்கும் விளம்பர ஹோர்டிங்குக்கும் விதிகள் வேறு. விலை சொல்வதற்கு முன்பே புனே மாநகராட்சியின் ஆகாஷ்சின்ஹ பிரிவில் விசாரித்துவிடுங்கள். அனுமதி வாங்குவது யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

பணம் எப்போது கைக்கு வரும்?

லாபம் இருந்தும் கடை மூடுவது உண்டு. காரணம், காசு வரும் தேதி. நம் உதாரணத்தில் 240 பலகைக்கு ரூ.1,486 வீதம் ரூ.3,56,640. உலோகப் பெயர்ப்பலகைக்கான 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.64,195. வழக்கமான முறையில் மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர் என்றால், பில் போட்ட அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டிவிட வேண்டும். தகடு வாங்கியதற்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் வாடிக்கையாளர் இன்னும் பணம் தரவில்லை என்ற காரணம் செல்லாது. பொருளுக்கு மட்டும் முதலிலேயே ரூ.91,200 போகும்.

அதனால் 50 சதவீதம் அட்வான்ஸ், 40 சதவீதம் சரக்கு கடையை விட்டுக் கிளம்பும் முன், 10 சதவீதம் மாட்டிய பிறகு என்று பிரித்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் வராமல் தகடு வாங்க வேண்டாம்.

சட்டமும் கொஞ்சம் துணை நிற்கிறது. உத்யம் பதிவு இலவசம். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு, 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியோடு. இணையம் வழியாகப் புகார் செய்யலாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி உண்டு. கெடு தாண்டியும் தராத தொகையை, தந்து முடிக்கும் வரை வாங்கியவர் தன் செலவாகக் காட்ட முடியாது. போர்டைச் செய்பவருக்குத்தான் இந்தப் பிடி உதவும், வாங்கி விற்பவருக்கு அல்ல.

ஒன்று தெரிந்திருக்கட்டும்: 2023-ல் வந்த பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் போர்டு எழுதுவது இல்லை. அதை நம்பிக் கடன் திட்டம் போட வேண்டாம்.

கொட்டேஷனில் என்னென்ன இருக்க வேண்டும்?

- அளவு, பொருள், எழுத்தின் உயரம், எத்தனை சொல்
- டிசைன் திருத்தம் எத்தனை முறை இலவசம், அதற்கு மேல் எவ்வளவு
- எழுத்துப்பிழை சரிபார்த்து வாடிக்கையாளர் போட்ட கையெழுத்து. 240 பெயர் என்றால் 240-க்கும்
- மாட்டும் கூலி, சாரம், போக்குவரத்து தனியாக
- ஜிஎஸ்டி தனியாக
- எந்தத் தேதி வரை இந்த விலை செல்லும். பித்தளை விலை நிலையாக நிற்காது
- பணத் தவணை, ஒப்படைக்கும் தேதி

"பக்கத்துக் கடையில் பாதி விலை" என்று வாடிக்கையாளர் சொன்னால் என்ன செய்வது? விலையை மட்டும் குறைக்காதீர்கள், வேலையையும் சேர்த்துக் குறையுங்கள். நிழல் எழுத்து வேண்டாம், பார்டர் வேண்டாம், வாசல் போர்டு மட்டும் கை வேலை, உள்ளே இருப்பது வினைல் என்று மாற்று வழி காட்டலாம். அதற்கும் ஒத்துவராவிட்டால் அந்த ஆர்டரை விட்டுவிடலாம். 360 மணி நேரம் உங்களிடமே இருக்கும், அடுத்த மாத வாடகையை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.