மல்லாட்டை ஊரில் ஒரு பிறந்தநாள் மிட்டாய்

இந்த எபிசோடை வழக்கமா பேசுற ரூம்ல இருந்து பேசலை. செஞ்சியில எங்க அக்கா வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்திருக்கேன். எதிரே ராஜகிரி மலை. செஞ்சின்னு சொன்னதும் ராஜா தேசிங்கு, முகலாயர் முற்றுகை, 2025ல் கிடைத்த யுனெஸ்கோ அங்கீகாரம்னு எதிர்பார்த்திருப்பீங்க. அதெல்லாம் இல்லை. இன்னைக்கு ஸ்கூல்ல கொடுக்குற பிறந்தநாள் மிட்டாயைப் பத்திப் பேசப்போறோம்.

அக்கா பையன் மூணாம் வகுப்பு. அடுத்த வாரம் பிறந்தநாள். வகுப்பில் 36 பிள்ளைகள். "நம்ம கொல்லையில விளைஞ்சது இருக்கு, உருண்டை பிடிச்சிக் குடுத்துடலாம்"னு தாத்தா சொன்னார். பையன் உடனே மறுத்துட்டான். "வேணாம் தாத்தா. எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணுக்கு மல்லாட்டை ஒத்துக்காது. போன வருஷம் யாரோ குடுத்த லட்டைத் தின்னு உதடெல்லாம் வீங்கிடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்க."

தாத்தாவால நம்பவே முடியலை. "மல்லாட்டை ஒத்துக்காதா? இந்த ஊர்ல அதை விட்டா வேற இன்னா கீது?"

அந்தக் கேள்வியை நான் விளையாட்டா எடுத்துக்கலை. பதில் தேடப் போனதுல கிடைச்சதுதான் இந்த எபிசோட்.

முதல்ல அந்தப் பெயரைக் கவனிங்க. சென்னையில் வேர்க்கடலை, தெற்கே நிலக்கடலை. இந்தப் பக்கம் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்ற சொல்தான் வாயில் புழங்கிப் புழங்கி மல்லாட்டை ஆனது. விவசாயிகள் பேச்சில் இன்னும் 'மணிலா' என்றே சொல்வார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாதான் அது. ஆனால் செடியின் பிறப்பிடம் அதுவும் இல்லை, தென் அமெரிக்கா. 1565 முதல் 1815 வரை ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவிலிருந்து பசிபிக் கடலைத் தாண்டி மணிலாவுக்குக் கப்பல் விட்டார்கள். அமெரிக்கப் பயிர்கள் ஆசியாவுக்கு வந்த வழிகளில் அது ஒன்று. அந்தப் பயணத்தின் தடம் தாத்தா வாயில் தினமும் வருது, அவருக்கே தெரியாமல்.

இங்கே அது பெரும்பயிராக ஆனது 19ஆம் நூற்றாண்டில். பிரான்ஸின் மார்சேய் நகரத்து சோப்பு ஆலைகளுக்கு எண்ணெய் வித்து தேவைப்பட்டது. புதுச்சேரி அப்போ பிரெஞ்சுக்காரர்கள் கையில். செஞ்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 1750ல் இந்தக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தவர்களும் பிரெஞ்சுக்காரர்கள்தான். 1761ல் ஆங்கிலேயரிடம் அதை இழந்தார்கள். அதே வருஷம் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது, ஆனா கோட்டை போனாலும் புதுச்சேரித் துறைமுகம் பிறகு அவங்ககிட்டயே திரும்பி வந்தது. இந்த வட்டாரத்து மானாவாரி நிலங்களில் விளைந்த கடலை அங்கிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. தென்னாற்காடு, சென்னை மாகாணத்தின் முக்கியமான கடலை மாவட்டமாக மாறியது.

பக்கத்தில் திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்கே உருவாகி 1940ல் வெளிவந்த ரகம் டிஎம்வி 2. டிஎம்வி என்பது திண்டிவனத்தின் சுருக்கம். கர்நாடகா, ஆந்திரா விவசாயிகள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் விதை வாங்கினார்கள்.

ஆக, தாத்தா சொல்றதுல பாதி உண்மை. இது நம்ம பயிர்தான். ஆனா காலங்காலமா இருந்தது இல்லை, வெளியிலிருந்து வந்து நம்மளோடதா ஆனது.

வகுப்பில் மிட்டாய் கொடுக்கிற வழக்கமும் அப்படித்தான். தாத்தாவுக்குத் தன் நட்சத்திரம் தெரியும், தேதி தெரியாது. சான்றிதழில் இருப்பது பள்ளியில் சேர்த்தப்போ வாத்தியார் ஒரு குத்துமதிப்பாகப் போட்ட தேதி. அந்தத் தலைமுறையில் நிறையப் பேருக்கு இப்படித்தான். பிறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம் வந்ததே 1969ல். நட்சத்திரப் பிறந்தநாள் வீட்டோடும் கோயிலோடும் முடிந்துவிடும். ஆங்கிலத் தேதிப் பிறந்தநாளுக்கு இடம் வகுப்பறை. புது டிரஸ், கையில் ஒரு பாக்கெட், ஆளுக்கு ஒண்ணு, டீச்சருக்கு ரெண்டு.

'ஆளுக்கு ஒண்ணு' என்று எண்ணிக் கொடுக்க, காகிதம் சுற்றிய, கெடாத, விலை குறைந்த மிட்டாய் வேணும். அதுவும் இதே தென்னாற்காட்டில்தான் தயாரானது. கடலூர் பக்கத்து நெல்லிக்குப்பத்தில் 1842ல் சர்க்கரை ஆலை வந்தது. பிறகு அதே ஊரில் பாரி நிறுவனத்தின் மிட்டாய்த் தொழிற்சாலை. நான் வகுப்பில் கொடுத்த லாக்டோ கிங், காபி பைட் எல்லாம் அவங்களோடது. 2004ல் கொரியாவின் லோட்டே அந்த மிட்டாய்த் தொழிலை வாங்கியது. கடலையும் மிட்டாயும் ஒரே மாவட்டம். அந்த இரண்டும் இப்போ அக்கா வீட்டு சமையல் மேடையில் மோதிக்கிட்டு நிக்குது.

சரி, அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகுது?

1901ல் மொனாக்கோ இளவரசரின் ஆராய்ச்சிக் கப்பலில் சார்லஸ் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரண்டு விஞ்ஞானிகள் கடல் உயிரிகளின் விஷத்தை ஆராயத் தொடங்கினார்கள். கரைக்குத் திரும்பியும் நாய்களிடம் சோதனை தொடர்ந்தது. முதல் தடவை விஷத்தைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு கொடுத்ததும் சில நிமிடங்களில் மூச்சுத் திணறிச் செத்தது. உடம்பு பழகும்னு எதிர்பார்த்தாங்க, நடந்தது நேர்மாறு. 1902ல் அதற்கு அனஃபிலாக்ஸிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1913ல் ரிஷேவுக்கு நோபல் பரிசு. நடுவில், 1906ல், கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்ற ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் 'அலர்ஜி' என்ற சொல்லை உருவாக்கினார்.

நம்ம ஐடி பாஷையில இது ஃபால்ஸ் பாசிட்டிவ். கடலைப் புரதத்தை உடம்பின் காவல் படை எதிரின்னு தப்பா குறிச்சு வெச்சுக்குது. அடுத்த தடவை துளி வந்தாலும் முழுப் படையும் இறங்கலாம். சிலருக்கு மிகச் சிறிய அளவே போதும். "ஒரே ஒரு பருப்புதானே"ங்கிற பேச்சு அதனாலதான் ஆபத்து.

"நம்ம ஊர்ல சின்ன வயசுல இருந்து தின்னா பழகிடும்"னு தாத்தா சொன்னார். 2015ல் லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. அலர்ஜி வரும் அபாயம் அதிகமுள்ள கைக்குழந்தைகள் அவங்க. ஒரு வயதுக்கு முன்பே கடலைப் பண்டம் சாப்பிடத் தொடங்கியவர்களில், ஐந்து வயதில் கடலை அலர்ஜி வெகுவாகக் குறைந்திருந்தது. தாத்தா அங்கேயும் பாதி சரி. ஆனா அது அலர்ஜி வர்றதுக்கு முன்னாடி செய்யுற வேலை. ஏற்கனவே வந்துட்ட பிள்ளைக்கு "கொஞ்சம் தின்னு பழகு"ன்னு நாமளே கொடுக்கக் கூடாது.

அக்கா ராத்திரியே ஒரு லிஸ்ட் போட்டாள். வீட்டு முறுக்கு? எங்க வீட்டில் செக்குக் கடலை எண்ணெய். நல்லா சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது, செக்கு எண்ணெயில் தங்கும். சாப்ட்வேர்ல மறைஞ்சிருக்கிற டிபெண்டென்சி மாதிரி, முறுக்குன்னு பேர் சொன்னா உள்ளே கடலை இருப்பது தெரியாது. பொட்டுக்கடலை உருண்டை? மாவு அரைக்கிற மிஷினில் முன்னாடி யார் என்ன அரைச்சாங்களோ. பேக்கரி கேக்? எல்லாத்துக்கும் ஒரே தட்டு, ஒரே கத்தி. ஸ்வீட் கடையில் எடை போட்டுத் தரும் லட்டில் லேபிளே கிடையாது.

பாக்கெட் மிட்டாயில் லேபிள் இருக்கு. 2020ல் வந்த உணவு லேபிள் விதிமுறைகள்படி கடலை, மரக்கொட்டைகள், பால், முட்டை, மீன், சோயா, கோதுமை மாதிரி க்ளூட்டன் உள்ள தானியங்கள் எல்லாம் சேர்ந்திருந்தா தனியா குறிப்பிடணும். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துப் படிங்க. கடலை கலந்திருக்கலாம்னு எழுதியிருந்தாலும் அதைத் திரும்ப வெச்சிடுங்க.

கடைசியில் அக்கா செய்ததுதான் முதல்லயே செய்திருக்க வேண்டியது. அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு போன் போட்டாள். அவங்க கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாங்க: "யாராவது பிறந்தநாள்னா அவளுக்கு மட்டும் ஒரு பென்சிலைக் குடுத்துடுவாங்க. இல்லன்னா வாங்கி பையில போட்டுனு வந்து என்கிட்ட குடுப்பா. இவ்வளவு நாள்ல யாரும் முன்கூட்டியே கேட்டதில்லைங்க. எல்லாருக்கும் குடுக்குறதையே அவளுக்கும் குடுத்தா போதும்."

என்ன கொடுக்கலாம்னு அவங்ககிட்டயே கேட்டோம். வாழைப்பழம் ஒத்துக்கும்னாங்க. 36 பேருக்கும் ஆளுக்கு ஒரு பழம், ஒரு பென்சில். யாருக்கும் தனிப் பொட்டலம் இல்லை. டீச்சர்கிட்டயும் சொல்லியாச்சு.

ஒரு விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்கங்க. அலர்ஜி உள்ள பிள்ளை எதையாவது சாப்பிட்டு உதடு வீங்கினாலோ, தடிப்போடு வாந்தி எடுத்தாலோ, மூச்சு இழுத்தாலோ காத்திருக்காதீங்க. 108க்குக் கூப்பிடுங்க. அங்கே முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை கொடுத்து வீட்டில் பார்த்துக்கிட்டு இருக்கிற நேரம் இல்லை அது.

தாத்தா இன்னைக்குக் காலையில சந்தைக்குப் போய், அடுத்த வாரத்துக்குள்ள பதமா பழுக்குற மாதிரி தார் பார்த்துச் சொல்லிட்டு வந்தார். கடலையை விட்டுக்கொடுத்த வருத்தம் இன்னும் முகத்தில் இருக்கு. இப்பதான் மாடிக்கு வந்து மைக்கைப் பார்த்துக் கேட்டார்: "ஏன்டா, வாழையாச்சும் நம்மூருதா?"

அது இன்னொரு எபிசோட்.