பசிக்கு விடுமுறை உண்டோ?

தண்பொருநையும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரி, முக்கூடற் பள்ளு பிறந்த மண். நெல்வகைகளை அடுக்கிச் சொல்லும் நூல் அது. அந்நெல்லை நட்ட கைகளின் மக்கள் வேனிலில் உண்டனரா?

பிசான அறுவடை பங்குனியோடு முடியும். கார் நடவு ஆனியில் தொடங்கும். இடையே சித்திரை, வைகாசியில் கழனியில் வேலையில்லை, கூலியில்லை. பள்ளி மூடுவதும் அப்போதுதான்! கூலியும் நின்று, பள்ளிச் சோறும் நின்றால் பிள்ளை என் செய்யும்?

1920இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவளித்தது. 1956இல் அன்றைய நெல்லை மாவட்டத்து எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார், 1989இல் கலைஞர் முட்டை சேர்த்தார், 2022இல் காலை உணவும் வந்தது. பெருமைக்குரிய வரலாறு! ஆயினும், அடுப்பு கோடையில் அணைகிறது.

வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் உணவளிக்க 2004இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, பள்ளி விடுமுறை நீங்கலாக என வரம்பு கட்டிற்று. அமெரிக்காவில் 2024 முதல், திட்டத்தில் சேர்ந்த மாநிலங்களில், ஏழைப் பள்ளிப்பிள்ளைக்குக் கோடைதோறும் 120 டாலர் அளவில் உணவுத்தொகை தரப்படுகிறது. செல்வச் செழிப்புள்ள நாடே கோடைப் பசியை ஒப்புக்கொண்டது, நாம் மறுப்பானேன்?

நியாயவிலைக் கடை அரிசி போதாதா என்பர் சிலர். அரிசி முட்டையாகுமா? காய்கறியாகுமா?

2020இல் பெருந்தொற்று பள்ளிகளைப் பூட்டியபோது, மாணவர்க்கு அரிசியும் பருப்பும் வழங்கினோமன்றோ? நோய்க்காகத் திறந்த வழி, பசிக்காகத் திறவாதோ? பூட்டு பள்ளிக்கு இருக்கட்டும்; பானைக்கு வேண்டாம்!