பிரிண்டர் நம் வீட்டில், சாவி யாரிடம்?



"டீச்சர், நேற்றுவரை நன்றாக ஓடிய பிரிண்டர், இன்று அப்டேட் ஆனதும் ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜை ஏற்க மாட்டேன் என்கிறது." இரண்டு மாதத்தில் மூன்று பேர் இப்படிப் போன் செய்துவிட்டீர்கள். அதில் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைப்பவர். ஹால் டிக்கெட் எடுக்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் நாளில் இயந்திரம் நின்றுபோனால் அவர் என்ன செய்வார்? தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, இது எப்படி வந்தது என்ற வரலாற்றை எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நாங்கள் படித்த காலத்தில் பெட்டிக்கடையில் காசு கொடுத்துப் பேனாவுக்கு மை நிரப்பிக்கொள்வோம். பேனா ஒரு கம்பெனி, மை இன்னொரு கம்பெனி. பேனா கோபித்துக்கொண்டதில்லை. பிரிண்டர் மட்டும் ஏன் கோபித்துக்கொள்கிறது? அதற்குள் ஃபர்ம்வேர் என்ற கட்டளைத் தொகுப்பு இருக்கிறது. கார்ட்ரிட்ஜில் ஒரு சிறு சிப் இருக்கிறது. இரண்டும் பேசி ஒத்துக்கொண்டால்தான் காகிதம் நகரும்.

இந்தச் சண்டை பழையது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. காகிதம் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி, அதற்கு முன்பிருந்த பிரிண்டரின் மென்பொருளை அங்கிருந்தவர்கள் திருத்தி வைத்திருந்தார்கள். புதியதில் அது முடியவில்லை. அதன் மூல நிரல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அங்கு வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன் மனத்தில் அது முள்ளாய்த் தைத்தது. 1983-இல் அவர் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

அடுத்து நீதிமன்றம். லெக்ஸ்மார்க் நிறுவனம் தன் டோனர் கார்ட்ரிட்ஜில் சிப் வைத்தது. ஸ்டேட்டிக் கன்ட்ரோல் என்ற நிறுவனம் அதற்கு மாற்றுச் சிப் செய்து விற்றது. 1998-ஆம் ஆண்டின் டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்தைக் காட்டி லெக்ஸ்மார்க் 2002-இல் வழக்குப் போட்டது. 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்டேட்டிக் கன்ட்ரோலுக்குச் சாதகமாகச் சொன்னது. 2017-இல் இன்னொரு லெக்ஸ்மார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு பொருளை விற்றுவிட்டால் அதன் மீதான பேடன்ட் உரிமை அத்துடன் தீர்ந்தது என்று தீர்ப்பளித்தது.

சட்டம் ஒரு கதவைத் திறந்தது. ஆனால் அதற்குள் அப்டேட் என்ற இன்னொரு கதவு வந்துவிட்டது. 2016 செப்டம்பர் 13 அன்று, பல நாடுகளில் ஹெச்பி ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களை ஒரே நேரத்தில் மறுத்தன. முன்பே உள்ளே போயிருந்த ஃபர்ம்வேர் அந்த நாளில் விழித்துக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியதும், மாதம் முடிவதற்குள் நிறுவனம், சரியாகத் தெரிவிக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டு, விரும்புவோருக்கு அந்தத் தடை இல்லாத ஃபர்ம்வேர் தருவதாகச் சொன்னது. தடை முறையைக் கைவிடவில்லை. 2020-இல் இத்தாலியின் போட்டி ஆணையம், இந்தக் கட்டுப்பாடுகளை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

2022-இல் ஒரு வேடிக்கை நடந்தது. உலகெங்கும் சிப் தட்டுப்பாடு. கேனான் நிறுவனம் சிப் இல்லாமலே டோனர் விற்க வேண்டி வந்தது. பிரிண்டர் எச்சரித்தால் அதைத் தாண்டிப் போவது எப்படி என்று அந்த நிறுவனமே வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அச்சடிக்கச் சிப் அவசியமில்லை என்பது அன்று வெளிச்சமானது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பிரிண்டரின் செட்டிங்ஸில் அப்டேட் என்ற பகுதியைத் தேடி, தானாக அப்டேட் ஆவதை அணையுங்கள். திரை இல்லாத பிரிண்டரானால், அதன் ஐ.பி. முகவரியைக் கணினியின் பிரவுசரில் தட்டினால் அதே அமைப்புப் பக்கம் வரும். ஒரே கணினிதான் என்றால் வைஃபையை நிறுத்தி யு.எஸ்.பி. கேபிளில் ஓட்டுங்கள். கணினியிலோ போனிலோ உள்ள பிரிண்டர் செயலி அப்டேட் கேட்டால், எதற்கு என்று படிக்காமல் சரி சொல்லாதீர்கள். ஒருமுறை உள்ளே போன ஃபர்ம்வேர் பெரும்பாலும் திரும்பி வராது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லா அப்டேட்டும் கெட்டதல்ல. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பவையும் உண்டு. அலுவலக நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டரை அப்டேட் இல்லாமல் விடாதீர்கள். இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டித் தருவதுதான் என் வருத்தம்.

புதிதாக வாங்குவோர், எப்போதும் இன்டர்நெட் இணைப்பும் கம்பெனி மையும் கட்டாயமா என்று கடையில் கேளுங்கள். ஹெச்பி பிளஸ் போன்ற திட்டங்களில் அது நிபந்தனை. இங்க் டேங்க் வகையையும் பாருங்கள். இந்தோனேசியாவில் மக்கள் தாங்களே வெளியே மைத்தொட்டி கட்டி ஓட்டியதைப் பார்த்துத்தான் எப்சன் 2010-இல் அங்கே அதை முதலில் விற்றது. வாங்குகிறவர்கள் பிடிவாதமாக இருந்தால் விற்கிறவர்களும் மாறுவார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

உங்கள் பிரிண்டரின் மாடலைக் கீழே எழுதுங்கள். அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.